1/72 ஃபிளவர் வகுப்பு கார்வெட்: பிளாஸ்டிக் கிட்டை ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடவிட வேண்டும்

#1 கரையோரம்

வணக்கம் நண்பர்களே. ரெவெல் நிறுவனத்தின் 1/72 ஃபிளவர் வகுப்பு கார்வெட் (இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சிறு துணைக்காவல் கப்பல்) கிட் கைக்கு வந்திருக்கிறது. முன்பு மேட்ச்பாக்ஸ் பெயரில் வந்த அதே அச்சு. அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காக இதை எடுக்கவில்லை. தண்ணீரில் ஓட வேண்டும், சுக்கானுக்குத் திரும்ப வேண்டும், பின்னோக்கியும் வர வேண்டும். பிளாஸ்டிக் கிட்டுகளை ஒட்டி வண்ணம் பூசுவதில் நல்ல பழக்கம் உண்டு. ரேடியோ கார்களும் ஓட்டுகிறேன். இரண்டையும் சேர்த்து ஒரு கப்பல் செய்வது இதுவே முதல் முறை.

எந்த மோட்டார், எந்த பேட்டரி வாங்குவது? 1/350 பிஸ்மார்க் போர்க்கப்பலும் மனதில் இருக்கிறது. முதல் கப்பலுக்கு அதுதான் பொருத்தமா? பசையைத் தொடுவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

#2 நீர்க்கோடு

கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. மோட்டாரைப் பிறகு பார்க்கலாம். முதலில் கப்பல் எவ்வளவு எடை தாங்கும் என்று தெரிய வேண்டும். பிளாஸ்டிக் கிட்டிலிருந்து ஓடும் கப்பல் செய்வது அடிப்படையில் எடைக் கணக்கு; மற்றதெல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும்.

நீளம் 72இல் ஒரு பங்கு என்றால் எடை 72 × 72 × 72இல் ஒரு பங்கு, அதாவது 3,73,248இல் ஒரு பங்கு. ஃபிளவர் வகுப்புக் கப்பல்கள் சுமையைப் பொறுத்து ஏறத்தாழ 950 முதல் 1,150 டன் வரை இருந்தன. வகுத்துப் பாருங்கள்: 2.5 கிலோவிலிருந்து 3.1 கிலோ வரை. நீளம் சுமார் 87 செ.மீ., அகலம் 14 செ.மீ., நீருக்குக் கீழே 5 செ.மீ. ஆழம். மூன்று கிலோவுக்குள் மோட்டார், பேட்டரி, ரிசீவர், சர்வோ (சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டார்) எல்லாம் தாராளமாக அடங்கும். ஈயம் சேர்ப்பதற்கும் இடம் மிச்சம் இருக்கும். கிட்டிலிருந்து செய்யும் கப்பல்களில் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. உருண்டு திரண்ட உடல், ஒரே புரொப்பெல்லர், ஒரே சுக்கான்.

பிஸ்மார்க்கை இதே கணக்கில் போடுங்கள். முழுச் சுமையில் 50,000 டன்; 350இன் மூன்றாம் அடுக்கு 4,28,75,000. மிஞ்சுவது 1.17 கிலோ. நீளம் 72 செ.மீ., அகலம் பத்துச் செ.மீ.யைச் சற்றே தாண்டும். ஓடு (கப்பலின் வெளி உடல்), மேல்தளம், கோபுரங்கள், பீரங்கிகள் என்று கிட்டின் பிளாஸ்டிக்கே அதில் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். அந்தப் பிளாஸ்டிக்கில் பாதி நீர்க்கோட்டுக்கு மேலே உயரத்தில் நிற்கும். சிறிய மோட்டார்களும் சிறிய லித்தியம் பேட்டரியும் வைத்து அதை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அழகாகவே ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு பத்து கிராமையும் எண்ணி வைக்க வேண்டும். பெரிய போர்க்கப்பல்தான் வேண்டுமென்றால் 1/200 இருக்கிறது. அங்கே அதே பிஸ்மார்க் 1.25 மீட்டர் நீளம், ஆறே கால் கிலோ. அதில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். தூக்கிப் போகத்தான் தோள் வேண்டும்.

மற்றப் பாகங்களை ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். ஓட்டின் இரண்டு பக்கங்களையும் ஒட்டி, இணைப்புகளை அடைத்து, வெறும் ஓட்டைத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். உள்ளே எடைகளை வைத்து, வரைந்த நீர்க்கோடு வரை இறக்குங்கள். பிறகு ஓட்டையும் எடைகளையும் சேர்த்து நிறுத்தால் வருவதுதான் உங்கள் மொத்த வரவு. கிட்டின் மீதிப் பாகங்கள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு நிறுங்கள். அது செலவு. மிச்சத்தில்தான் மோட்டாரும் பேட்டரியும்.

#3 பல்சக்கரம்

நீர்க்கோடு சொன்னதோடு ஓட்டைப் பற்றிச் சேர்க்கிறேன். இதில்தான் நல்ல நல்ல கிட்டுகள் வீணாகின்றன.

கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அதை ஒட்டும் திரவப் பசை பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்குகிறது, ஆகவே இணைப்பு வலுவானது. ஆனால் ஓடும் கப்பலின் அடிப்பகுதி இணைப்பு கரையில் உரசும், பேட்டரியின் எடை நடுவில் அழுத்தும், மோட்டார் அதிரும். எனவே இணைப்பின் உட்புறம் முழுவதும் 1 மி.மீ. தடிமனுள்ள ஸ்டைரீன் பட்டையை, இரண்டு செ.மீ. அகலத்தில், சிறு துண்டுகளாக ஒட்டிக்கொண்டே போங்கள். நீளமான ஒரே பட்டை வளைவுகளில் உட்காராது. அதன் மேல் மெல்லிய கண்ணாடி இழைத் துணியை வைத்து எப்பாக்சி தடவுங்கள்.

எப்பாக்சி மட்டும். கண்ணாடி இழை வேலைக்குப் பரவலாகப் பயன்படும் பாலியெஸ்டர் பிசினில் ஸ்டைரீன் திரவம் கலந்திருக்கிறது. அது பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். ஊற்றிய சில நிமிடங்களில் ஓட்டின் வெளிப்புறம் குழைந்து நெளியத் தொடங்கும். அதன் பிறகு சரிசெய்ய வழியே இல்லை. இரண்டும் ஒரே மாதிரி டப்பாவில், ஒரே மாதிரி நிறத்தில் வருவதால் லேபிளைப் படித்துவிட்டுத் திறக்கவும்.

எப்பாக்சி பளபளப்பான பிளாஸ்டிக்கில் தானாகப் பிடிக்காது. 120 எண் உப்புத்தாளால் உட்புறத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். பிளாஸ்டிக் வெளுத்து, ஒளி படும்போது எங்கும் மினுக்கம் தெரியாமல் மங்கலாக இருக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி உலரவிடுங்கள். இந்த அரை மணி நேர வேலையைத் தவிர்த்தால், துணி ஒருநாள் அப்படியே ஒரே தகடாக உரிந்து வரும்.

#4 கரையோரம்

மிக்க நன்றி. இரண்டு பதிவுகளையும் அச்சிட்டு மேசையில் வைத்துவிட்டேன். உட்புறம் கீறும் வேலை நடக்கிறது. அடுத்து அச்சுத்தண்டு. கிட்டில் வரும் தண்டும் புரொப்பெல்லரும் பிளாஸ்டிக்; அவற்றை அப்படியே பயன்படுத்த முடியுமா? தண்ணீர் தண்டின் வழியாக உள்ளே ஏறாமல் எது தடுக்கிறது?

#5 சுக்கான்

கிட்டின் தண்டும் புரொப்பெல்லரும் காட்சிக்கு மட்டும். அவற்றை எடுத்து வைத்துவிட்டு, பித்தளைக் குழாய்க்குள் எஃகுத் தண்டு உள்ள ஆயத்தக் குழாய் ஒன்றை வாங்குங்கள். இந்த அளவுக் கப்பலுக்கு 4 மி.மீ. தண்டு, எம்4 மரை பொதுவானது. 1/350 கப்பல்களுக்கு 2 மி.மீ. போதும்.

தண்ணீரைத் தடுப்பது மூன்று விஷயங்கள்: இரு முனைகளிலும் உள்ள இறுக்கமான புஷ்கள் (தண்டைத் தாங்கும் வளையங்கள்), குழாய் முழுக்க நிரப்பிய கிரீஸ், உள்முனையின் உயரம். குழாயின் உள்முனை நீர்க்கோட்டுக்கு மேலே வருமளவு சாய்க்க முடிந்தால் கிரீஸ் தீர்ந்துபோனாலும் தண்ணீர் ஏறாது. ஃபிளவரில் ஆழம் ஐந்து செ.மீ. இருப்பதால் அது கடினம். சாய்வு அதிகமானால் தள்ளுவிசையில் ஒரு பகுதி கப்பலின் பின்புறத்தைத் தூக்குவதில் போய்விடும். எனவே குழாயின் நடுவில் சிறு கிளைக்குழாய் ஒன்றைப் பற்றவைத்து, அதன் வழியாக அவ்வப்போது கிரீஸ் ஏற்றுங்கள். பற்றவைப்பதை ஓட்டுக்கு வெளியே செய்துமுடித்துவிட வேண்டும். பாலிஸ்டைரீன் 95 முதல் 100 டிகிரி செல்சியஸுக்குள் இளகிவிடும். பற்றவைக்கும் கருவியின் முனையோ 300 டிகிரியைத் தாண்டும்.

தண்டும் மோட்டாரும் ஒரே நேர்கோட்டில் அமைவதுதான் இந்த வேலையின் உயிர். இணைப்பியில் வளையும் மூட்டு இருக்கிறது என்பதற்காகக் கோணலை விட்டுவைக்காதீர்கள். நான் செய்யும் முறை: வளையாத, துளை சரியாக உள்ள ஒரு பித்தளைத் துண்டால் தண்டையும் மோட்டாரையும் இணைத்துவிடுவேன். அந்த நிலையிலேயே மோட்டாரின் தாங்கியை எப்பாக்சியில் உட்காரவைத்து, இறுகிய பிறகுதான் பித்தளைத் துண்டை எடுத்துவிட்டு வளையும் இணைப்பியைப் போடுவேன். விரலால் தண்டைச் சுழற்றினால் முழுச் சுற்றிலும் ஒரே மாதிரி எளிதாகச் சுழல வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் தடை தெரிந்தால் அது பின்னால் சத்தமாகவும் சூடாகவும் மாறும்.

மோட்டார் தாங்கியை அலுமினியத் தகட்டில் செய்யுங்கள். வெப்பத்தை அது வாங்கிக்கொள்ளும்.

சுக்கான்: கிட்டில் உள்ள அளவிலேயே செய்தால் கப்பல் திரும்பப் பெரிய வட்டம் எடுக்கும். பின்பக்கமாகவும் கீழ்ப்பக்கமாகவும் சேர்த்துப் பரப்பைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். தண்ணீரில் இருக்கும்போது யார் கண்ணுக்கும் தெரியாது. 1 மி.மீ. பித்தளைத் தகடு போதும். சுக்கான் தண்டின் குழாயை மேல்தளத்தின் அடிப்பகுதி வரை உயர்த்திவிடுங்கள். நீர்க்கோட்டுக்கு மேல் முனை இருந்தால் அங்கே எந்த அடைப்பும் தேவையில்லை.

#6 அலைவேகம்

மோட்டாரைப் பற்றி யாரும் பேசவில்லையே! என் கருத்து: நல்ல வலுவான பிரஷ்லெஸ் (உள்ளே உரசும் பிரஷ் இல்லாத) மோட்டாரும் மூன்று செல் லித்தியம் பேட்டரியும் போடுங்கள். வேகம் தேவையில்லாதபோது குறைத்து ஓட்டலாம், தேவைப்படும்போது இருக்கும். காற்று அடித்தால் கரைக்குத் திரும்பி வரவும் சக்தி வேண்டும்.

#7 நீர்க்கோடு

காற்றை எதிர்த்து வரச் சக்தி வேண்டும் என்பது சரியே. ஆனால் இந்த ஓட்டுக்கு அவ்வளவு சக்தியால் பயன் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

1870களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் வில்லியம் ஃப்ரூட் ஒரு நீண்ட தொட்டி கட்டி மெழுகு ஓடுகளை இழுத்துப் பார்த்தார். அவர் நிறுவியது இது: மாதிரியும் கப்பலும் எழுப்பும் அலைகள் ஒத்திருக்க வேண்டுமானால், வேகம் அளவின் வர்க்கமூலத்தால் குறைய வேண்டும். 72இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 8.5. ஃபிளவர் வகுப்பின் உச்ச வேகம் 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்). அதை 8.5ஆல் வகுத்தால் 1.9 நாட், அதாவது நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மெதுவாக நடக்கிறவரின் வேகம். வேகத்தை நேராக 72ஆல் வகுக்கிறவர்கள் நொடிக்கு 11 செ.மீ. என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வேகத்தில் முன்பக்க அலையே எழாது. கப்பல் இழுத்துக் கட்டியதுபோல் தெரியும்.

மேல் எல்லையும் உண்டு. நீர்க்கோட்டில் 82 செ.மீ. நீளமுள்ள ஓடு நொடிக்கு 1.13 மீட்டரை எட்டும்போது அது எழுப்பும் அலையின் நீளமும் ஓட்டின் நீளமும் சமமாகின்றன. அதற்கு மேல் சக்தி கொடுத்தால் பின்பகுதி பள்ளத்தில் அமிழும், முன்பகுதி தூக்கும், வேகம் மட்டும் அதிகரிக்காது. இது தண்ணீரைக் கிழித்து ஓடும் உடல். தண்ணீர் மேல் எழுந்து சறுக்கும் உடல் அல்ல.

எனவே கணக்கு: நொடிக்கு ஒரு மீட்டர், மூன்று கிலோ. தேவையான சக்தி ஐந்து வாட் அளவில்தான். 35 மி.மீ. விட்டமும் ஏறத்தாழ அதே அளவு பிட்ச்சும் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) உள்ள பித்தளை புரொப்பெல்லர் போட்டால், நழுவலுக்கு முப்பது சதவீதம் கழித்தாலும், நிமிடத்துக்கு 2,400 சுற்று போதும். சாதாரண 380 மோட்டார் 7.2 வோல்ட்டில் சுமையின்றி பதினையாயிரம் சுற்றுவரை ஓடும். அதை நேரடியாக அந்தப் புரொப்பெல்லரில் மாட்டினால் திணறும், சூடாகும், மின்சாரத்தைக் குடிக்கும். மெதுவாகச் சுழலும் வகை மோட்டார், அல்லது 3:1 பல்சக்கரக் குறைப்பு. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டத்தில் ஒரு ஆம்பியர்கூட எடுக்காது. 3,000 மில்லி ஆம்பியர்-மணி நிக்கல் பேட்டரியில் மூன்று மணி நேரம் ஓடலாம்.

#8 அலைவேகம்

ஃபிளவருக்கு ஒப்புக்கொள்கிறேன், 1.13 மீட்டர் கணக்கு எனக்குப் புதிது. ஆனால் எல்லாக் கிட்டும் அப்படியல்ல என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். இட்டலேரியின் 1/35 பிடி-109 டார்பிடோ படகைப் பாருங்கள். அசல் எல்கோ படகு 24.4 மீட்டர், 41 நாட். மாதிரி 70 செ.மீ.; வர்க்கமூலக் கணக்கில் நொடிக்கு மூன்றரை மீட்டருக்கு மேல். அது சறுக்கும் உடல்தான். அங்கே சக்தி குறைவாக இருந்தால் படகு எழவே எழாது. அசல் எடை 56 டன் என்றால் மாதிரிக்கு 1.3 கிலோதான் வரவு. கனமான நிக்கல் பேட்டரியைப் போட்டால் அது மட்டுமே நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அங்கே லித்தியமும் பிரஷ்லெஸ்ஸும் ஆடம்பரம் அல்ல, அவசியம். மூன்று தண்டுகளில் நடுத்தண்டை மட்டும் ஓட்டி, பக்கத்தண்டுகளைக் காட்சிக்கு விடுகிறவர்களும் உண்டு; எடை மிச்சமாகிறது, வேகத்தில் குறை தெரிவதில்லை.

#9 நீர்க்கோடு

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். வரவு 1.3 கிலோ என்பதிலிருந்து நீங்கள் தொடங்கியதில் மிகுந்த மகிழ்ச்சி.

#10 மின்னோட்டம்

மின்சாரப் பகுதிக்கு வருகிறேன்.

ரேடியோவால் படகை ஓட்டிக்காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், மக்கள் முன்னிலையில். ரேடியோ கட்டுப்பாடு என்ற துறையே ஒரு மாதிரிப் படகில்தான் தொடங்கியது என்பதை நினைத்தால் இந்தப் பொழுதுபோக்கின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவருக்குத் தண்ணீர் ஆகாது. அலைநீளம் 12.5 செ.மீ.; ஆண்டெனாவின் முனையில் உறையில்லாமல் தெரியும் 31 மி.மீ. கம்பிதான் உண்மையில் வேலை செய்கிறது. அந்த 31 மி.மீ. நீர்க்கோட்டுக்கு மேலே, செங்குத்தாக நிற்க வேண்டும். ஃபிளவரில் கப்பல் தலைவர் நிற்கும் பாலத்தின் உட்புறம் சரியான இடம். பித்தளைக் கம்பி வேலிகள், உலோகத் தகடுகள் அதை ஒட்டிச் செல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரிசீவர் ஓட்டின் அடியில் இருந்தால் கையருகே நன்றாக வேலை செய்துவிட்டு, நாற்பது ஐம்பது மீட்டர் போனதும் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

நீர்மூழ்கி செய்ய நினைப்பவர்களுக்கு இது வேறு கதை: 2.4 நீருக்குள் சில செ.மீ.யிலேயே இறந்துவிடும். அவர்கள் 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைக்குப் போகிறார்கள்.

பிரஷ் மோட்டார் என்றால் தீப்பொறியால் எழும் மின் இரைச்சலை அடக்க மின்தேக்கிகள் வேண்டும். இரண்டு முனைகளுக்கு இடையே 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று. ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடலுக்கு 0.047 ஒவ்வொன்று. மோட்டாரிலேயே பற்றவைக்கவும், கம்பியின் மறுமுனையில் அல்ல.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி முன்னும் பின்னும் இயக்கும் வகையாக இருக்கட்டும். கார்களுக்கானதில் பின்னோக்கிப் போகும் முன் பிரேக் பிடிக்கும் முறை இருக்கும், அது கப்பலுக்கு இடைஞ்சல். பத்து ஆம்பியர் கருவி தாராளம். பேட்டரிக்கும் கருவிக்கும் இடையே 5 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம் போடுங்கள். புரொப்பெல்லரில் பாசியோ நூலோ சுற்றிக்கொண்டு மோட்டார் நின்றுவிட்டால், ஃப்யூஸ் இல்லாத கப்பலில் அடுத்து உருகுவது ஓடுதான்.

கடைசியாக, தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ரிசீவரின் பாதுகாப்பு அமைப்பை அமைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துக் கரையிலேயே சோதித்துப் பாருங்கள்.

#11 கரையோரம்

மிதவைச் சோதனை முடிந்தது! குளியல் தொட்டியில் நீர்க்கோட்டைத் தொடும்போது மொத்தம் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கணக்கும் தொட்டியும் ஒத்துப்போவதைக் கண்ணால் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கிட்டின் மீதிப் பாகங்கள், மோட்டார், பேட்டரி எல்லாம் போக ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இதை ஈயமாகப் போட்டுவிட்டால் நிலைப்பு சரியாகிவிடுமா? இந்தக் கப்பல்கள் மிகவும் உருளும் என்று படித்திருக்கிறேன்.

#12 சுக்கான்

உருளும். திமிங்கல வேட்டைக் கப்பலின் வடிவத்திலிருந்து பிறந்தவை இவை. ஈரப்புல்லில் நின்றாலும் உருளும் என்று அவற்றில் பணியாற்றிய மாலுமிகள் சொன்னது இன்றும் நிலைத்திருக்கிறது. அசல் உருண்டதால் மாதிரியும் உருள வேண்டும் என்று விட்டுவிடக் கூடாது. மாதிரிக்கு அசலைவிட அதிக நிலைப்பு தேவை.

அளவில் சிறிதாகும்போது காற்று சிறிதாவதில்லை. காற்று சாய்க்கும் திருப்புவிசை அளவின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. கப்பலை நிமிர்த்தும் திருப்புவிசையோ நான்காம் அடுக்கில் குறைகிறது. விளைவு: மணிக்கு 10 கிலோமீட்டர் மென்காற்று உங்கள் மாதிரிக்கு, அசல் கப்பலுக்கு மணிக்கு 85 கிலோமீட்டர் புயல் எப்படியோ அப்படி. அதே வர்க்கமூலம்தான், 8.5. ஆகவே ஈயத்தை அடிக்கட்டையை ஒட்டி, முடிந்தவரை தாழ்வாக வையுங்கள். நீர்க்கோட்டுக்கு மேல் உலோகப் பாகம் எதையும் சேர்க்காதீர்கள். பித்தளைப் பீரங்கி அழகுதான், ஆனால் உயரத்தில் இருக்கும் ஒவ்வொரு கிராமும் அடியில் பல கிராம் ஈயத்தைக் கேட்கும்.

சோதிக்க எளிய வழி: எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து மிதக்கவிட்டு, ஓர் ஓரத்தை விரலால் அழுத்தி விடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்பி வரும் நேரம் ஒரு நொடியை ஒட்டி இருந்தால் நல்லது. 14 செ.மீ. அகலத்துக்கு அது ஏறத்தாழ ஒரு செ.மீ. நிலைப்பு உயரத்தை (சாய்ந்த கப்பல் நிமிரும் திறனின் அளவு) காட்டுகிறது. இரண்டு நொடி எடுத்து, சாய்ந்த பக்கத்திலேயே சற்றுத் தயங்கி நின்று திரும்பினால் நிலைப்பு மூன்று மி.மீ.தான். பார்க்க அது கம்பீரமாக, பெரிய கப்பலின் அசைவுபோல இருக்கும். அந்த அழகில் மயங்கி அப்படியே விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது உள்ளே புகும் தண்ணீர். இதை எல்லோரும் எடையாகவே நினைக்கிறார்கள். உண்மையான ஆபத்து அது ஓடுவதில் இருக்கிறது. கப்பல் சாயும்போது தண்ணீரும் அதே பக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டும். தண்ணீர் பரவி நிற்கும் பரப்பு 40 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம் என்றால் நிலைப்பில் 19 மி.மீ. வரை போய்விடும். உங்களிடம் இருப்பதே 10 மி.மீ. கால் லிட்டர் தண்ணீரில் கப்பல் கவிழ்வது இப்படித்தான். ஓட்டின் நடுவே, முன்பின்னாக இரண்டு செ.மீ. உயரத்தில் ஒரு ஸ்டைரீன் தடுப்பு எழுப்பிவிட்டால், மெல்லிய தண்ணீர்ப் படலம் இரண்டாகப் பிரியும். இழப்பு கால் பங்காகக் குறையும். முன்முனையிலும் பின்முனையிலும் நுரைக்கட்டிகளை அடைத்துவிடுங்கள். கவிழ்ந்தாலும் மூழ்கிப் போகாமல் மிதக்கும்.

#13 பல்சக்கரம்

சுக்கானின் இந்தப் பதிவை இழையின் தலைப்பில் ஒட்டிவைக்க வேண்டும்.

மேல்தளத்தைப் பற்றி ஒன்று. முழு மேல்தளத்தையும் கழற்றும்படி வையுங்கள் என்பது என் உறுதியான கருத்து. உள்ளே கை போக வேண்டும். இணைப்பி தளர்ந்தால், சர்வோ பழுதானால், கிரீஸ் ஏற்ற வேண்டுமென்றால் சிறு துளை வழியாக விரல்நுனியால் துழாவுவது பெரும் வேதனை.

#14 சுக்கான்

மதிப்புடன் மறுக்கிறேன். 87 செ.மீ. ஓட்டின் வலுவில் பாதி மேல்தளத்தில் இருக்கிறது. அதை ஒட்டாவிட்டால் பக்கங்கள் காற்று வாங்கியதுபோல் உள்ளும் புறமும் அசையும். ஒட்டிய இணைப்புகள் தளரும். மேலும் ஓட்டைச் சுற்றி இரண்டு மீட்டர் நீள விளிம்பு முழுவதையும் நீர் புகாமல் அடைக்க வேண்டும். நீர்க்கோட்டுக்கு அருகே அவ்வளவு நீளமான இடைவெளியை நான் ஒருபோதும் நம்ப மாட்டேன்.

மேல்தளத்தை நிரந்தரமாக ஒட்டுங்கள். பாலமும் புகைபோக்கியும் நிற்கும் இடத்தில் கை நுழையும் அளவுக்கு வெட்டி, வெட்டிய விளிம்பைச் சுற்றிப் பத்து மி.மீ. உயரத்தில் ஸ்டைரீன் சுவர் எழுப்புங்கள். மேல்கட்டுமானம் முழுவதும் ஒரே மூடியாக அதன் மேல் இறங்கட்டும். தளத்தில் ஏறும் அலை அந்தச் சுவரில் மோதி வழிந்துவிடும். மூடியைப் பிடிக்கச் சிறு காந்தங்கள் போதும். சுக்கானுக்கு மேலே பின்பகுதியில் தனியாக ஒரு சிறு மூடி.

#15 பல்சக்கரம்

பக்கங்கள் அசைவதற்குக் குறுக்குச் சட்டங்கள் வைக்கலாம். நான் ஐந்து செ.மீ.க்கு ஒன்று வைக்கிறேன். ஆனால் இரண்டு மீட்டர் இடைவெளி என்ற வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கரையோரம் முதல் கப்பல் செய்கிறார்; அவருக்கு உங்கள் வழிதான் பாதுகாப்பானது. தளத்தை ஒட்டுவதற்கு முன் மோட்டார், தண்டு, சுக்கான், சர்வோ எல்லாவற்றையும் பொருத்தி, தொட்டியில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டாரையும் வெட்டிய துளை வழியே வெளியே எடுக்க முடிகிறதா என்று அப்போதே சோதித்துவிடுங்கள்.

#16 கரையோரம்

பால மூடி வழியையே எடுத்துக்கொள்கிறேன். ஆண்டெனா பாலத்துக்குள் போவதால் மூடியைக் கழற்றும்போது கம்பி இழுபடுமே? இன்னொன்று: ஈயத்தை எதனால் ஒட்டுவது? வெள்ளைப் பசையில் ஈயக் குண்டுகளைக் கலந்து ஊற்றலாமா?

#17 மின்னோட்டம்

ஆண்டெனாவை மூடியில் ஒட்ட வேண்டாம். ஓட்டிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நிறுத்தி, அதற்குள் கம்பியைச் செலுத்துங்கள். மூடி இறங்கும்போது குழாய் தானாகப் பாலத்துக்குள் போய்விடும்.

#18 நீர்க்கோடு

வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம். அதிலிருந்து மெல்ல வெளிவரும் அசிட்டிக் அமிலம் ஈயத்தைத் தாக்கி வெள்ளைப் பொடியாக மாற்றும். அந்தப் பொடி ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும். மாதங்கள் கழித்து ஓடு உள்ளிருந்து பிதுங்கிப் பிளந்துவிடும். எப்பாக்சியே பயன்படுத்துங்கள், அதையும் மெல்லிய அடுக்குகளாக. மொத்தமாக ஊற்றினால் இறுகும்போது உண்டாகும் சூடே பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவுங்கள்.

எல்லா ஈயத்தையும் ஒட்டிவிடாதீர்கள். வண்ணமும் கம்பி வேலியும் கயிறுகளும் சேர்ந்த பிறகு எடை மாறும். முன்பின் சமநிலையும் மாறும். கடைசி இருநூறு கிராமைச் சிறு பைகளில் போட்டு, ஒட்டும் நாடாவால் நகராமல் பிடிக்கவைத்து, கப்பல் முடிந்த பிறகு இடம் பாருங்கள். நன்னீரிலிருந்து உப்புநீருக்குக் கொண்டுபோனாலும் அந்தப் பைகள் உதவும். கடல்நீர் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. அதே நீர்க்கோட்டுக்கு இறங்க உங்கள் கப்பலுக்கு இன்னும் 75 கிராம் வேண்டியிருக்கும்.